பேத்திக்குக் கதை எழுதுகிறேன், கதையில் எதுவுமே கெட்டுப்போக மாட்டேன் என்கிறது

கம்பத்துக்காரர் எழுதியது:

வணக்கம். இங்கே இதுதான் என் முதல் இழை. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று ஏறி, ஃபோர்மேனாக 2017-ல் வீட்டுக்கு வந்தேன். ஊர் பண்ருட்டிப் பக்கம். இப்போது குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டில் பதினோரு கதை, அவ்வளவுதான்.

என் சுபாவத்தைச் சொன்னால்தான் கேள்வி புரியும். சின்ன வயசிலிருந்தே எதற்கும் "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பழக்கம். செக்‌ஷன் ஆபீஸில் எனக்கு 'பாத்துக்கலாம்' என்றே பெயர். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் வராமல் போனபோதும் அதையேதான் சொன்னேன். நடந்துவிட்டது. என் வீட்டுக்காரம்மா பிள்ளைகளிடம் சொல்வாள்: "வீடு பத்தி எரிஞ்சாலும் உங்கப்பா வெளிச்சம் நல்லாருக்குன்னுதான் சொல்வாரு."

இந்தச் சுபாவத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு நல்லதைச் சொல்லவேண்டும், பயத்தைச் சொல்லக்கூடாது என்று எண்ணம். 2011-ல் எங்கள் பக்கம் அடித்த 'தானே' புயலை வைத்து எழுதியதில் ஒரு பகுதி:

"புயல் வந்தது. மரங்கள் விழுந்தன. மின்சாரம் போனது. ஆனால் முத்து பயப்படவில்லை. மின்வாரிய மாமாக்கள் வந்தார்கள். விளக்கு எரிந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்."

பேத்திக்கு எட்டு வயசு. கேட்டுவிட்டு, "தாத்தா, இதுல கதை எங்க?" என்றாள். பதினோரு கதைக்கும் இதே கேள்விதான். வாழ்நாள் முழுக்க நல்ல பக்கத்தையே பார்த்துப் பழகினவனுக்குக் கதை எழுத வராதோ?

---

மூணாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

ஐயா, வணக்கம். முதலில் உங்கள் பேத்திக்கு ஒரு சபாஷ்.

நான் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் இருக்கின்றனவே, நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலையாகப் பிரித்தவை, அவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது என் தினசரி வேலை. பார்த்ததைச் சொல்கிறேன். "அப்புறம்?" என்று பிள்ளைகள் எங்கே கேட்கிறார்களோ அங்கேதான் கதை இருக்கிறது. ஏதாவது தொலைய வேண்டும், உடைய வேண்டும், யாராவது கோபித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பின் வரிசைப் பையனும் தலையைத் தூக்குவான்.

நீங்கள் கொடுத்ததில் ஏழு வாக்கியம். நாலாவது வாக்கியம்தான் கதையை முடித்துவிட்டது. "ஆனால் முத்து பயப்படவில்லை." ஏன் பயப்படவில்லை? நான் பயந்தேன். அப்போது கடலூரில் குடியிருந்தோம். 2011 டிசம்பர் 30 விடிகாலை, ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் மாமியார் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொன்னார், பாதியில் வரி மறந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். முத்து பயப்படவில்லை என்றால், பயந்த பிள்ளை ஒவ்வொன்றும் "அப்ப நான் மட்டும்தான் கோழையா" என்று நினைக்கும். தைரியம் கொடுக்க எழுதிய வரி அது, கொடுப்பது வேறு.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

பாசிட்டிவ் மைண்ட்செட், பாசிட்டிவ் மைண்ட்செட்னு காலைல அஞ்சரைக்கு ரோஜாப்பூ படத்தோட வாட்ஸ்அப்ல வருதே, அதே சரக்குதானே சார் இது? பென்ஷன் வருது, உடம்பு நல்லாருக்கு, உலகம் இனிமையா தெரியுது. அதைப் பிள்ளைங்க தலையில ஏன் கட்டணும்?

---

பழைய புத்தகக் கட்டு எழுதியது:

சந்தேகப்பிராணி வழக்கம்போல் வாசலிலேயே செருப்பை வீசுகிறார். கம்பத்துக்காரர் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஆள் நல்லவர்.

வேலை பார்த்துக்கொண்டே, அல்லது வேலை முடிந்த பிறகு, குழந்தைகளுக்கு எழுதுவது நம்மிடம் புதிது இல்லை. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். கணக்குப் பேரேட்டுக்கு நடுவில்தான் அத்தனை பாட்டும். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் 'கோகுலம்' பத்திரிகைக்கு ஆசிரியராக உட்கார்ந்தார். கோவில்பட்டி உதயசங்கர் ரயில்வேக்காரர். 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கினார்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறவர் அமெரிக்காவில் இருந்தார். லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867-ல் பிறந்தவர். முதல் குழந்தைப் புத்தகம் 1932-ல், 65 வயதில். அதற்குமுன் பண்ணையில் கோழி வளர்த்துக்கொண்டு விவசாயப் பத்திரிகைக்குப் பத்தி எழுதியவர். 1929 பங்குச் சந்தைச் சரிவில் குடும்பச் சேமிப்பு போயிற்று. தன் கதையை முதலில் பெரியவர்களுக்காகத்தான் எழுதினார். பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அதே வாழ்க்கையைத்தான் பிற்பாடு, பத்திரிகையாளரான மகளின் கைவைப்போடு, பிள்ளைகளுக்காக மாற்றி எழுதினார். பெரியவர்களுக்கான அந்தப் பிரதி 2014-ல்தான் அச்சாகியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை விட்டார், எதை வைத்தார் என்று தெரிகிறது.

விட்டது: ஒன்பது மாதத் தம்பி 1876-ல் செத்துப்போனது. அயோவாவில் ஒரு ஹோட்டலில் குடும்பமே வேலை செய்து கஷ்டப்பட்ட காலம், அது மொத்தமாகவே இல்லை.

வைத்தது: அக்காவுக்குக் கண் போனது. வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரை மொட்டையடித்தது. 1880-81 பனிக்காலத்தில் ரயில் வராமல் ஊரே பட்டினி கிடந்தது. அதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. மாவு கிடையாது, விதைக் கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கிற மிஷினில் போட்டு நாளெல்லாம் சுற்றுகிறார்கள். விறகு கிடையாது, வைக்கோலை முறுக்கி முறுக்கி எரிக்கிறார்கள். நடுவில் அப்பா பிடில் வாசிக்கிறார், ஒரு கட்டத்தில் விரல் விறைத்து அவராலும் வாசிக்க முடியவில்லை.

படிக்கிற பிள்ளைக்கு இது சந்தோஷமான குடும்பம் என்றுதான் தோன்றும். எங்குமே லாரா "சந்தோஷமாக இருந்தார்கள்" என்பதை நம்பி நிற்கவில்லை. மிஷினைச் சுற்றுகிற கை மாறிக்கொண்டே இருக்கிறது, அதிலேயே தெரிந்துவிடுகிறது. என் கணிப்பு: சுபாவம் நல்லதாக இருப்பவருக்குப் பசியை எழுதத் தைரியம் அதிகம் இருக்க வேண்டும், குறைவாக இல்லை.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

அதே அம்மா பேரில் இருந்த விருதோட பேரை 2018-ல் அமெரிக்க நூலகக்காரங்க மாத்தினதையும் சேர்த்துச் சொல்லுங்க. செவ்விந்தியரைப் பத்தியும் கறுப்பினத்தாரைப் பத்தியும் எழுதின விதத்துக்காக. யாரோட நிலத்துல குடும்பம் சந்தோஷமா பிடில் வாசிச்சுதுங்கறதுதான் கேள்வி. நல்லதையே பார்க்கிற கண்ணுக்கு, பக்கத்துல நிக்கறவன் தெரியறதே இல்லை.

---

பழைய புத்தகக் கட்டு எழுதியது:

சரிதான். மறுக்கவில்லை.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். மனநலம் பற்றிக் கொஞ்சம் வாசிப்பு உண்டு, அந்தத் தைரியத்தில் நுழைகிறேன்.

இரண்டு விஷயம். அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகளை வைத்து ஓர் ஆய்வு, 2001-ல் வெளியானது. 180 பேர் மடத்தில் சேர்ந்த இளவயதில், சராசரி 22 வயதில், தங்களைப் பற்றிக் கையால் எழுதிக் கொடுத்த சிறு குறிப்புகளை எடுத்து, மகிழ்ச்சி, நன்றி, ஆவல் போன்ற உணர்ச்சிகளைச் சொல்லும் வாக்கியங்களை எண்ணினார்கள். அதிகம் எழுதியவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். ஆகவே கம்பத்துக்காரர் ஐயாவின் சுபாவத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம், அவர் நம் எல்லோரையும் வழியனுப்பி வைப்பார்.

இரண்டாவதுதான் எழுத்துக்கு முக்கியம். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்டது: வயசாக ஆக மனசு நல்லதையே கவனிக்கிறது, நல்லதையே அதிகம் நினைவில் வைக்கிறது. மீதி நாள் குறைவு என்று தெரிந்ததும் மனசு தானாகச் செய்யும் பொறுக்கல் அது. வாழ்வதற்கு நல்லது. எழுதுவதற்கு? முப்பது வருஷத்துக்கு முந்தின சம்பவம் உங்கள் தலைக்குள் ஏற்கெனவே உமி நீக்கி, புடைத்து, கல் பொறுக்கித்தான் கிடக்கும். நீங்கள் பொய் எழுதவில்லை ஐயா, உங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் வருகிறது. அதனால் உங்களோடு வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சிடுமூஞ்சியாக ஒருவர் இருந்திருப்பார் அல்லவா, அவரை.

---

கம்பத்துக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சந்தேகப்பிராணி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பென்ஷன் வந்ததால் வந்த சுபாவம் இல்லை இது. 1983-ல் ஹெல்பராக ஏணி தூக்கினபோதும் இப்படித்தான்.

சிடுமூஞ்சி ஒருத்தர் இருந்தார். போன் போடுகிறேன்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆனா அந்த "மின்வாரிய மாமாக்கள் வந்தார்கள்" மட்டும் எனக்கு உறுத்துது. வந்ததுல எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலி? கையுறை எத்தனை பேருக்கு இருந்துச்சு? வெளி மாவட்டத்துலருந்து லாரியில வந்தவங்க ராத்திரி எங்க படுத்தாங்க? பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியக்கூடாதா?

---

நெறியாளர்:

இழை குழந்தை எழுத்து பற்றியது. வாரியத்தின் ஆள்சேர்ப்பு பற்றிப் பேசத் தனி இழை இருக்கிறது.

---

மூணாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

நெறியாளர் ஐயா, "ராத்திரி எங்க படுத்தாங்க" என்பது எங்கள் வகுப்பில் முதலில் வரும் கேள்வி. அது குழந்தை எழுத்து பற்றியதுதான்.

---

ஏணி எழுதியது:

ஃபோர்மேன் ஐயாவுக்கு வணக்கம். நான் மின்வாரியத்துல கேங்மேன், சேர்ந்து நாலு வருஷம் ஆகுது. கதை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு.

சேந்த புதுசுல எங்க லைன் இன்ஸ்பெக்டர் சொல்லிக்குடுத்த மொத பாடம், லைன் செத்துருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாத. எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலைக்குத் தர்ற அனுமதி) வாங்கியாச்சா, ஏ.பி. சுவிட்ச் (கம்பத்துல லைனைப் பிரிக்கிற சுவிட்ச்) தெறந்துருக்கான்னு உன் கண்ணால பாத்தியா, டெஸ்ட் போட்டியா, ரெண்டு பக்கமும் எர்த் ராடு (கரண்டை மண்ணுக்கு இறக்குற கம்பி) மாட்டுனியா, அப்புறம் கை வை. அதுவரைக்கும் கம்பியில உசுரு இருக்குன்னே நெனை. நீங்களும் அப்படித்தான சொல்லிக்குடுத்துருப்பீங்க?

அப்ப நீங்க கம்பத்து மேல ஒரு நாளும் "ஒண்ணும் ஆகாது"ன்னு ஏறல. ஆகும்னு நெனச்சு, அதுக்கு வேண்டியத செஞ்சுட்டு, அப்புறம் "பாத்துக்கலாம்"னு ஏறுனீங்க. கதையில மட்டும் ஏன் டெஸ்ட் போடாம ஏறுறீங்க?

---

பழைய புத்தகக் கட்டு எழுதியது:

தம்பி ஏணி, கதை பற்றி ஒண்ணும் தெரியாது என்று இனிமேல் எங்கேயும் சொல்லாதீர்கள்.

---

கம்பத்துக்காரர் எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன். தம்பி ஏணி எழுதினதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சிடுமூஞ்சியாரோடு இரண்டு மணி நேரம் பேசினேன். மருந்துச்சீட்டு ஐயா சொன்னது சரி. எனக்கு நினைவில் இல்லாதது பாதி அவரிடம் இருந்தது.

தானேயின்போது நான் லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரமும்தான் சோறு. விடிந்து பார்த்தால் முந்திரி வேரோடு படுத்துக் கிடக்கிறது, வானம் பெரிசாகத் தெரிகிறது. கம்பம் எல்லாம் வைக்கோல் மாதிரி. சில கிராமங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் கொடுக்க முடியவில்லை. வெளி மாவட்டத்து ஆட்கள் பள்ளிக்கூட வராந்தாவிலும் கல்யாண மண்டபத்திலும் படுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு ஆறடி ஆள் ஒருத்தர் படுத்து, கால் வெளியே தொங்கினது. டீச்சருக்காக இதைச் சொல்கிறேன். கையுறை எல்லாருக்கும் இல்லை. இது சந்தேகப்பிராணி தம்பிக்காக.

ஓரிடத்தில் வீடுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகிற எல்.டி. லைன் மேலே பலா மரம் சாய்ந்து கிடந்தது. வெட்டினால்தான் கம்பி இழுக்க முடியும். பெரியவர் ஒருத்தர் வந்து அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா நட்டது. பாதி வேர் மண்ணில் இருக்கிறது, நிமிர்த்தினால் பிழைக்கும் என்கிறார். நான் என் வழக்கப்படி "பாத்துக்கலாம் பெரியவரே" என்றேன். கம்பத்தை நாலு அடி தள்ளி நட்டோம், கிளையை மட்டும் கழித்தோம். நோட்டில் எழுதினபோது "மரம் துளிர்த்தது" என்று போட்டிருந்தேன். சிடுமூஞ்சியார் போனில் சிரித்தார். "யோவ், அது சித்திரைக்குள்ள காஞ்சு போச்சு. நீயும்தான வந்து பாத்த." ஆமாம். பார்த்தேன். மறந்தே போயிருக்கிறேன்.

இன்னொன்று நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பதினாலாவது நாளோ பதினைந்தோ. சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்கியாச்சு, டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் எடுத்தாச்சு, சுவிட்ச் திறந்தாச்சு. அந்தி நேரம். பையன்கள் எல்லாம் பட்டினி, நாலு கம்பம்தான் பாக்கி. "செத்த லைன்தானே அண்ணே, சட்டுனு முடிச்சுடலாம்" என்றார்கள். பழக்கத்துக்கு டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். கம்பியில் வைத்தேன். பல்பு எரிகிறது.

ஊரெல்லாம் இருட்டு. என் கையில் மட்டும் வெளிச்சம்.

தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர். லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக வீட்டு ஒயரிங்கில் கொடுத்திருக்கிறார்கள். அது சர்வீஸ் ஒயர் வழியாகத் திரும்பி லைனுக்கு வந்துவிட்டது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். இறங்கினபோது கால் தரையில் நிற்கவில்லை. பையன்களிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. சிடுமூஞ்சியார் சொல்கிறார்: "பல்பு நல்லா எரியுதுடா, மாத்த வேணாம்" என்றேனாம். எல்லாரும் சிரித்தார்களாம். ஒருத்தன் மட்டும் அழுதானாம்.

---

மூணாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

ஐயா, இதை அப்படியே எழுதுங்கள். சுருக்க வேண்டாம். முத்து கீழே நின்று மேலே பார்க்கட்டும். பெஞ்சுக்கு வெளியே தொங்கின காலையும் விடாதீர்கள். மரத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

---

கம்பத்துக்காரர் எழுதியது:

மரம் காயட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கை நடுங்கித்தான் எழுதினேன். பெரியவர் அந்த இடத்தில் வேறு கன்று நட்டார், அதுவும் உண்மை, சிடுமூஞ்சியார் சாட்சி. ஆனால் பலா காய்க்க வருஷக்கணக்காகும், கதை முடியும்போது அது முழங்கால் உயரம்தான். ஆடு கடிக்காமல் முள் கட்டியிருக்கும்.

சாம்பிளுக்கு ஆரம்பத்தை மட்டும் போடுகிறேன்:

"கரண்ட் இல்லாத பதினாலாவது நாள், முத்து பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். அவன் பெஞ்சில் ஒரு மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கால் இரண்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளங்காலில் கம்பி கிழித்த கோடு இருந்தது. முத்துவுக்குப் பயமாக இருந்தது. பேய்க்குப் பயப்படவில்லை. மாமா எழுந்து, இது யார் பெஞ்ச் என்று கேட்டுவிடுவாரோ என்று."

---

மருந்துச்சீட்டு எழுதியது:

பயத்திலும் சிரிப்பு இருக்கிறதே ஐயா. இதை வேறு யாராலும் எழுத முடியாது. நான் எழுதினால் அந்தக் காலுக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருப்பேன்.

---

ஏணி எழுதியது:

ஐயா பேத்தி என்ன சொல்லுச்சு?

---

கம்பத்துக்காரர் எழுதியது:

நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன். பல்பு எரிகிற இடத்தில் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பேச்சே இல்லை. எனக்குக் கவலையாகிவிட்டது, பயமுறுத்திவிட்டேனோ என்று. காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த வீட்டுக்காரங்கள திட்டுனீங்களா தாத்தா?"

இல்லை என்றேன். ஏன் என்றாள். பதில் தெரியவில்லை.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

எனக்கும் அதே கேள்விதான் சார். அந்த வீட்ல ஜெனரேட்டர் எதுக்கு ஓடுச்சு? டிவி பாக்கவா?

---

கம்பத்துக்காரர் எழுதியது:

இல்லை தம்பி. போர் மோட்டார் ஓட்ட. தெருவில் வேறு யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை, எல்லாரும் அங்கேதான் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். குடத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கினார்கள். எங்களிடம் மட்டும் வாங்கவில்லை.

அதை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.